8×42 பைனாகுலர்: ரெண்டு கோடியக்கரை சீசன், ரெண்டு புள்ளைங்க, ஒரு மாமியார்

முதல்லயே சொல்லிடுறேன், பிராண்ட் பேரு போட மாட்டேன். இது ஒரு கம்பெனிய பத்துன ரிவ்யூ இல்ல, 8×42ங்குற சைஸ (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம்) பத்துன ரிவ்யூ. பேரு போட்டா "அதவிட இது பெட்டர்"னு சண்ட ஆரம்பிச்சிடும், அதுக்கு எனக்கு நேரம் இல்ல, நேரம் இல்லாததால தான் இந்த சாமானையே வாங்குனேன்.

நான் திருவாரூர்ல பேங்க்ல வேல பாக்குறேன். புகுந்த வீடு வேதாரண்யம். பையன் நாலாவது, பொண்ணு ஒண்ணாவது, வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல. அதனால காலாண்டு லீவு, ஆயுத பூஜை, தீபாவளி எதுவா இருந்தாலும் மூட்டைய கட்டிக்கிட்டு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு வேதாரண்யம் போறது என் டிபார்ட்மெண்ட். இதுல ஒரே ஒரு அதிர்ஷ்டம், வீட்டுலேர்ந்து கோடியக்கரை பத்து பன்னெண்டு கிலோமீட்டர் தான், ஸ்கூட்டிய எடுத்தா அகஸ்தியம்பள்ளி உப்பளம், அத தாண்டுனா கோடியக்காடு, அப்புறம் காடும் சதுப்பும் கடலும் தான்.

வெளிநாட்டுக்காரங்க இலையுதிர் காலம்னு சொல்லுற செப்டம்பர் அக்டோபர்ல நமக்கு இலையும் உதிராது ஒண்ணும் உதிராது, புரட்டாசி வெயிலு மண்டைய பொளக்கும். ஆனா இந்த கடக்கரைல மட்டும் ஆளு மாறிடும். சைபீரியா பக்கம் குஞ்சு பொரிச்சு முடிச்ச உள்ளான், உப்புக்கொத்தி, பச்சைக்காலி, பவளக்காலி எல்லாம் ஆயிரக்கணக்குல வந்து இறங்கும், வடகிழக்கு மழ பிடிச்சு சதுப்புல தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி சேறு தெரியுற அந்த அஞ்சாறு வாரம் தான் சின்ன கரைப்பறவைங்களுக்கு பெஸ்ட். சரியா அதே அஞ்சாறு வாரத்துல தான் காலாண்டு பரீட்சை, கொலு, ஆயுத பூஜை, தீபாவளி ஜவுளி, நாத்தனார் பொண்ணு வளைகாப்பு, புள்ளைங்களுக்கு மாத்தி மாத்தி காய்ச்சல், எல்லாம் வரும். பறவைங்க நம்ம காலண்டர பாத்து வர்றதில்ல.

ஆக எனக்கு கிடைக்கிறது காலைல அஞ்சேகாலுக்கு வண்டி எடுத்து ஏழே முக்காலுக்குள்ள வீட்டுல இருக்கணும்ங்குற ரெண்டரை மணி நேரம். அதுல போக வர நாப்பது நிமிஷம் போயிடும். வீட்டுல சொல்லுற சாக்கு "கோடியக்கரைல மீன் வாங்கிட்டு வரேன்". ஐப்பசி மாசம்னா வெளியூர் போட்டெல்லாம் சீசனுக்கு அங்க வந்து தங்கும், நல்ல மீன் கிடைக்கும், சாக்கு செல்லும். புரட்டாசி சனிக்கிழம செல்லாது, அன்னைக்கு நேரா உண்மைய சொல்லிட்டு தான் போகணும்.

இத ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, பைனாகுலர் வாங்குறப்ப எல்லாரும் "எவ்வளவு தூரம் தெரியும்"னு தான் கேக்குறாங்க, நானும் அப்படித்தான் கேட்டு ரெண்டு தடவ ஏமாந்தேன்.

மொத தடவ ஆன்லைன்ல ஒரு 20×50. விளம்பரத்துல நிலாவுல இருக்குற பள்ளமெல்லாம் காட்டுனாங்க. கோடியக்கரை காத்துல அத கையில புடிச்சு நின்னா உள்ளான் கூட்டம் டான்ஸ் ஆடுது, நம்ம கை நடுக்கத்தையும் சேத்து இருவது மடங்கு பெருசாக்கும்ல. அதோட விடிகாலைல ஒரே இருட்டு. காரணம் சிம்பிள் கணக்கு தான், பின்னாடி இருக்குற நம்பர முன்னாடி நம்பரால வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளி வட்டத்தோட சைஸ் வரும். 50 வகுத்தல் 20 ரெண்டரை மில்லிமீட்டர். 42 வகுத்தல் 8 அஞ்சேகால். அஞ்சே முக்கால் மணி வெளிச்சத்துல நம்ம கண்ணுமணி விரிஞ்சு தான் இருக்கும், அப்ப ரெண்டரைக்கும் அஞ்சேகாலுக்கும் உள்ள வித்தியாசம் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். கடைக்காரரு யாரும் இத சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறேன்.

ரெண்டாவது தடவ ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பு, அதாவது ஒத்தக் கண்ணுல பாக்குற தொலைநோக்கி, செகண்ட் ஹேண்ட், ட்ரைபாடோட. அது நல்ல சாமான், அத குற சொல்ல மாட்டேன். சதுப்புல முந்நூறு மீட்டர் தள்ளி நிக்கிற உள்ளான் கூட்டத்துல எது எதுன்னு பிரிச்சு பாக்கணும்னா ஸ்கோப்பு தான் வேணும். ஆனா ஸ்கூட்டில ட்ரைபாட கட்டி, இறக்கி, காலு விரிச்சு, மட்டம் பாத்து, பறவைய தேடி புடிக்கிறதுக்குள்ள இருவது நிமிஷம் போயிடுது. புள்ளைங்களோட போனா அதுக்கும் மேல, பொண்ணு ட்ரைபாட் கால தட்டுவா, பையன் "எனக்கு மட்டும் தெரியல"ன்னு அழுவான். சரி லேட்டா போவோம்னு ஒம்பது மணிக்கு போனா கானல் ஆரம்பிச்சிடும், உப்பளத்துக்கு மேல காத்து கொதிக்க ஆரம்பிச்சா நாப்பது மடங்குல பாக்குறது அடுப்பு மேல நிக்கிற ஆவி வழியா பாக்குற மாதிரி, உள்ளான் உருகி ஓடும். அந்த ஸ்கோப்பு இப்ப பீரோ மேல இருக்கு, பசங்க காலேஜ் போனதுக்கு அப்புறம் எடுப்பேன்.

மூணாவது தான் இந்த 8×42. பதிமூவாயிரத்து சொச்சம் ஆச்சு, தீபாவளி போனஸ்ல வாங்குனேன், வீட்டுல ஒம்பதாயிரம்னு சொல்லியிருக்கேன். எடை அறுநூத்தி அம்பது கிராம் பக்கத்துல. உள்ள நைட்ரஜன் அடைச்சது, தண்ணி புகாது, கண்ணாடி உள்பக்கம் பனி புடிக்காது.

போன அக்டோபர்ல ஒரு காலை. ராத்திரி லேசா தூறியிருந்துச்சு, ரோட்டுல காட்டுக் குதிரைங்க அஞ்சாறு நின்னுச்சு, ஹாரன் அடிச்சாலும் நகராது, இறங்கி கெஞ்சணும். சதுப்பு ஓரமா வண்டிய நிறுத்துறப்ப கிழக்கு இன்னும் சரியா வெளுக்கல. வெறும் கண்ணுக்கு சேறு மட்டும் தான் தெரியுது. பைனாகுலர வச்சா சேறு மொத்தமும் நகருது! கொசு உள்ளான், நூத்துக்கணக்குல. ஒவ்வொண்ணும் இருவத்தஞ்சு கிராம் தேறுமா தேறாது, அது ஆர்க்டிக் பக்கத்துலேர்ந்து இங்க வந்து நாத்தாங்கால்ல கள பறிக்கிற மாதிரி குனிஞ்ச தலை நிமிராம கொத்திக்கிட்டு இருக்கு. அதுங்க நடுவுல கொஞ்சம் பெருசா, மூக்கு கீழ வளைஞ்சு கர்லூ சாண்ட்பைப்பர்ங்குற இன்னொரு வகை உள்ளான், ஒண்ணு ரெண்டு மேல மட்டும் கோடைக்கால செங்கல் கலரு திட்டு திட்டா மிச்சம் இருந்துச்சு, சாயம் போன சேலை மாதிரி. திடீர்னு எல்லாம் ஒரே நேரத்துல எழும்புச்சு, ஒரு பருந்து வந்திருக்கணும், மொத்த கூட்டமும் ஒரு பக்கம் திரும்புனா பழுப்பு, மறுபக்கம் திரும்புனா வெள்ள, துணிய உதறுற மாதிரி. அந்த கூட்டம் முழுசும் 8×ல ஒரே வட்டத்துக்குள்ள நிக்குது, பறக்கறப்ப கூடவே போவ முடியுது. 20×ல அதுல கால்வாசி கூட உள்ள நிக்காது, விட்டா திரும்ப புடிக்கவும் முடியாது. இதுக்கு தான் எட்டு போதும்னு சொல்றேன், பத்து கூட எனக்கு வேணாம்.

எட்டுல முடியாததும் இருக்கு, ஒளிச்சு வைக்கல. இங்க பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்காரங்க பல வருஷமா பறவைக்கு வளையம் மாட்டி ஆராய்ச்சி பண்றாங்க, சில உள்ளான் காலுல குட்டி பிளாஸ்டிக் கொடி இருக்கும். கொடி இருக்குன்னு 8×ல தெரியும், அதுல இருக்குற எழுத்து தெரியாது. அதே மாதிரி கரண்டி மூக்கு உள்ளான்னு ஒண்ணு, உலகத்துலயே ரொம்ப கொஞ்சம் தான் மிச்சம், முன்ன ஒரு காலத்துல கோடியக்கரைல பாத்ததா பதிவு இருக்கு, ஒவ்வொரு கொசு உள்ளான் கூட்டத்தையும் பாக்கறப்ப மனசு ஓரத்துல அது ஓடிக்கிட்டே இருக்கும். அது வந்து என் முன்னாடியே நின்னாலும் இந்த பைனாகுலர்ல நான் கோட்டை விட்டுடுவேன்னு தான் நெனைக்கிறேன்.

கிட்ட ஃபோகஸ் பத்தி யாரும் பேசுறதில்ல, எனக்கு அது தான் காசு குடுத்ததுக்கு கெடச்ச போனஸ். காலாண்டு லீவுல ஒரு நாள் காலைல கொல்லைல பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருக்கேன், துணி துவைக்கிற கல்லுக்கு பின்னாடி ஏதோ தத்துது. ஆறுமணிக்குருவி! பச்ச, நீலம், வயித்துல செவப்பு, ஒரு பறவைக்கு எதுக்கு இவ்வளவு கலரு. இலங்கைக்கு போற வழியில இந்த கடக்கரைல களைச்சு போய் இறங்கும், செப்டம்பர் அக்டோபர்ல காட்டுல மட்டும் இல்ல வீட்டு தோட்டத்துல கூட பாக்கலாம். சோப்பு கையோட உள்ள ஓடி பைனாகுலர எடுத்துட்டு வந்தேன், மூணு மீட்டர் தான் தூரம், என்னோட பழைய 20×50 அந்த தூரத்துல ஒண்ணுமே காட்டாது, இது ரெண்டு மீட்டர் வரைக்கும் ஃபோகஸ் ஆகும். கண்ணு மேல இருக்குற வெள்ள கோடு வரைக்கும் பாத்தேன். பொண்ணு பின்னாடி நின்னு "அம்மா, அதுக்கு யூனிஃபார்ம் யாரு வாங்கி குடுத்தாங்க"ன்னு கேட்டா. அன்னைக்கு நான் வீட்ட விட்டு வெளியவே போகல.

புள்ளைங்களுக்கு இது ஒத்து வருமான்னா, பாதி தான். பெரியவங்க பைனாகுலர மடக்குனா ரெண்டு கண்ணு குழிக்கும் நடுவுல அம்பத்தஞ்சு அம்பத்தாறு மில்லிமீட்டருக்கு கீழ போகாது. ஆறு வயசு புள்ளைக்கு ரெண்டு கண்ணும் அதவிட கிட்ட இருக்கும், அதனால என் பொண்ணு ஒத்த கண்ணுல தான் பாக்குறா, தெரியுதான்னு கேட்டா தெரியுதுன்னு தான் சொல்லுவா, எங்க பாக்குறான்னு பாத்தா வானத்த பாத்துக்கிட்டு இருப்பா. பையனுக்கு ஒம்பது வயசு, அவனுக்கு சரியா இருக்கு. சின்ன புள்ளைக்கு வாங்கணும்னா 8×30 மாதிரி சின்னது வாங்குங்க, நல்லா மடங்கும், எடையும் கம்மி.

கண்ணாடி போட்டவங்க பெட்டில "ஐ ரிலீஃப்"னு போட்டிருக்குறத பாருங்க, பதினஞ்சு மில்லிமீட்டருக்கு மேல இருக்கணும், இல்லன்னா சாவித் துவாரம் வழியா எட்டி பாக்குற மாதிரி தான் இருக்கும். எனக்கு மூக்குக் கண்ணாடி உண்டு, இதுல பதினேழு, கண் ரப்பர கீழ திருகிவிட்டா முழு வட்டமும் தெரியுது. வலது பக்க கண்ணுல ஒரு வளையம் இருக்கும், ரெண்டு கண்ணு பவரும் ஒத்து வர்றதுக்கு, அத நம்ம கண்ணுக்கு ஒரு தடவ செட் பண்ணிட்டு எங்க இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கணும். என்னோடதுல அது லாக் ஆகாது, பையில தேய்ச்சே மாறிடுது, ஒவ்வொரு தடவையும் மொத நிமிஷம் அத சரி பண்றதுலயே போவும். ரெண்டரை மணி நேரக்காரிக்கு இது எரிச்சல். கொஞ்சம் காசு கூட போனாலும் லாக் ஆகுறதா வாங்கியிருக்கணும்.

இப்ப சந்தன கதை. போன வருஷம் ஆயுத பூஜைக்கு அத்தை வீட்டுல இருக்குற எல்லா சாமானுக்கும் பொட்டு வச்சாங்க. அரிவாமனை, மிக்ஸி, ஸ்கூட்டி, மாமாவோட மண்வெட்டி, என் பைனாகுலர். மத்ததுக்கெல்லாம் மேல வச்சவங்க இதுக்கு எங்க வைக்கிறதுன்னு தெரியாம "ரெண்டு கண்ணு இருக்கே"ன்னு நேரா முன்பக்க லென்ஸ் ரெண்டுலயும் கட்டை விரலால சந்தனம் வச்சு நடுவுல குங்குமமும் வச்சுட்டாங்க. நான் பாக்குறப்ப காஞ்சு போச்சு. அத்தைய என்ன சொல்றது, பக்தியா செஞ்சது. பதறிப்போய் துடைச்சிருந்தா கதை முடிஞ்சிருக்கும், ஏன்னா காஞ்ச சந்தனம் லென்ஸ் மேல கோட்டிங்க அரம் மாதிரி அராவிடும். அது வாட்டர் ப்ரூஃப்ங்குற ஒரே தைரியத்துல குழாய் தண்ணிய மெல்லமா ஓட விட்டு, ஊற விட்டு, கையே படாம கரைச்சு, அப்புறம் கண்ணாடி கடைல குடுக்குற மெல்லிசு துணில ஒத்தி எடுத்தேன். ஒரு கீறல் இல்ல. அதுலேர்ந்து எனக்கு அந்த சாமான் மேல மரியாதையே வந்துடுச்சு.

உண்மைல கடக்கரைல தினமும் நடக்குறது இதே தான், சந்தனத்துக்கு பதிலா உப்பு. கோடியக்கரை காத்துல பத்து நிமிஷம் நின்னா போதும், லென்ஸ் மேல மசமசன்னு ஒரு படலம். சட்டை முனையால துடைக்காதீங்க, புடவை முந்தானையால சத்தியமா துடைக்காதீங்க. முதல்ல ஊதி மணல எடுத்துட்டு, தண்ணி புகாத மாடலா இருந்தா வீட்டுக்கு வந்து நல்ல தண்ணில ஒரு அலசு, அப்புறம் துணி. தண்ணி புகும் மாடலா இருந்தா லேசா ஈரத்துணில ஒத்துங்க. மழ மாசத்துல பீரோல வச்சா பூஞ்சை பூக்கும், நான் பழைய பிஸ்கட் டப்பால செருப்பு பெட்டிலேர்ந்து எடுத்த சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு போட்டு மூடி வைக்கிறேன். மாமா ஒரு தடவ அத மருந்துன்னு நெனச்சு எடுத்து தூக்கி போட்டுட்டாரு.

குறைன்னு பாத்தா, கூட வந்த வாரு சுத்த வேஸ்ட், மெல்லிசா இருக்கு, ஒரு மணி நேரத்துல கழுத்த அறுக்கும். தோள் ரெண்டுலயும் மாட்டுற மாதிரி எலாஸ்டிக் வாரு தனியா வாங்கிட்டேன், புள்ளைய இடுப்புல தூக்குனாலும் இது நெஞ்சுல ஆடாம நிக்குது. முன்பக்க மூடி ரெண்டும் மொத மாசமே காணாம போச்சு, ஒண்ணு பொண்ணோட சொப்பு சாமான் செட்டுல தோச கல்லா இருக்கு, இன்னொண்ணு சேத்துல. ஒரு வருஷத்துல இடது கண் ரப்பர் லூசாச்சு, வாரண்டி இருக்கேன்னு வாங்குன எடத்துல கேட்டா அனுப்பி வைங்க ஆறு வாரம் ஆகும்னாங்க. அக்டோபர்ல ஆறு வாரமா? நான் குடுக்கல, டெய்லர் கடைல ஒரு ரப்பர் வளையம் வாங்கி மாட்டிக்கிட்டேன், இன்னும் இருக்கு.

ஐப்பசி மழ புடிச்சதுக்கு அப்புறமும் இது வேலைக்கு ஆகுது. உப்பளத்துல அம்பாரத்த கீத்து போட்டு மூடிட்டு ஆளுங்க வீட்டுக்கு போயிடுவாங்க, பாத்தியெல்லாம் தண்ணி நிக்கும், ஊசிவால் வாத்து, ஆலா, அப்புறம் பூநாரை. பூநாரைக்கு பெரிய மேக்னிஃபிகேஷன் எதுக்கு, தூரத்துல வெள்ள சுவரு மாதிரி நிக்கும், ஒண்ணு ரெக்கைய விரிச்சா தான் ரோஸ் கலரு தெரியும். நாத்தனார் பொண்ணு வளைகாப்பு நாகப்பட்டினத்துல வந்து விழுந்தது சரியா அக்டோபர் பிக் டே அன்னைக்கு, உலகம் பூரா பறவைக்காரங்க லிஸ்ட் போடுற நாள். பட்டுப் புடவையோட மண்டபத்து மொட்ட மாடிக்கு போயி அரை மணி நேரம் நின்னேன், தாம்பூலப் பையில தான் பைனாகுலர், பதினோரு வகை தேறுச்சு, பறவை லிஸ்ட் போடுற ஈபேர்ட் தளத்துல போட்டுட்டு கீழ வந்து வளையல் அடுக்குனேன். ஸ்கோப்ப தூக்கிட்டு வளைகாப்புக்கு போக முடியுமா சொல்லுங்க.

அத்தை மொதல்ல இத ஒரு மனுஷனாவே மதிக்கல. "உள்ளான பாக்கவா பெட்ரோல் போட்டு போற, எங்க சின்ன வயசுல கூடைல கறிக்கு வித்துக்கிட்டு வருவாங்க"ன்னாங்க. உண்மை தான், இந்த பக்கம் பழைய ஆளுங்க நெறைய பேருக்கு உள்ளான்னா ருசி தான் ஞாபகம் வரும். ஆனா நான் பொஸ்தகத்த பாத்து முழிக்கிறப்ப அது கோட்டான், இது ஆலான்னு மாடிலேர்ந்து குரல வச்சே சொல்லுறவங்களும் அவங்க தான். ஒரு நாள் கண்ணுல வச்சு குடுத்தேன். ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம், "அந்த மூணாவது வீட்டு மாடில நம்ம போர்வை மாதிரியே ஒண்ணு காயுதே"ன்னாங்க. நம்ம போர்வை தான், மழைல பறந்து போனது.

மார்க்கு போடணும்னா அஞ்சுக்கு நாலு, அந்த லாக் ஆகாத வளையத்துக்காகவும் வாருக்காகவும் ஒண்ணு கட். தனியாளா நாள் பூரா உக்காந்து பாக்க முடிஞ்சவங்க ஸ்கோப்பு வாங்குங்க. என்ன மாதிரி பால் பொங்குறதுக்குள்ள திரும்பி வரணும்னா இது. இப்ப என்கிட்ட அது இல்ல, போன வாரம் அத்தை "இங்கயே இருக்கட்டும், நீ தான் தீபாவளிக்கு வருவியே"ன்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க. நேத்து ராத்திரி ஃபோன்ல, "விடிகாலைல ஒரு கூட்டம் காடு பக்கம் போச்சும்மா, மூக்கு வளைஞ்சிருக்கு, நீ சொல்லுவியே அதுவா"ன்னு கேட்டாங்க. எனக்கு சனிக்கிழம பேரண்ட்ஸ் மீட்டிங்.